அவள் ஏன் சரி என்றாள்?

"நீங்க சொல்றதுதான் சரிங்க. ரிடையர்மென்ட் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டியே பிடிக்கச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த வீட்டில் இருந்ததே ஒரே ஒரு சண்டைதான். மாசாமாசம் சம்பளம் வந்ததும் அதையே தூசி தட்டி எடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் யாருக்கோ பட்டன் அமுக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பிடித்த பயம். ஓய்வுக்கால நிதிக்கென்று சம்பளத்தில் பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான்.

அவளுடைய பயம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. பெரியவள் சீக்கிரமே பள்ளிக்கூடம் போக வேண்டும். சின்னவனின் குட்டிக் கட்டிலுக்கு வேறு இடமில்லாமல் பாத்ரூம் வாசலில் போட்டிருந்தார்கள். முகம் கழுவப் போகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். கூட ஒரு அறை உள்ள ஃப்ளாட்டுக்கு முன்பணம் சேர்க்கலாம் என்று அவள் கேட்காத மாதமில்லை. "நீங்க கிழவனானப்புறம் கால் நீட்டிப் படுக்கறதுக்கு, நாங்க இப்ப கால் மடக்கிப் படுக்கணுமா?" என்பாள்.

அந்த அவள்தான் இப்போது சரி என்கிறாள்.

சத்தம் போடுகிற லிஃப்டைப் பற்றி மெக்கானிக் கவலைப்பட்டதே கிடையாது. சத்தம் திடீரென்று நின்றுபோனால்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவான்.

"ஏன்?" என்று கேட்டான்.

"ஏன்னா? வயசான காலத்துக்கு வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் வருஷக்கணக்கா சொல்றேன்."

"இப்பத்தான் புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சின்னவனின் வாயைத் துடைக்கப் போய்விட்டாள். முகத்தில் துளிக்கூடக் கோபமில்லை. அதுதான் அவனை உறுத்தியது.

கூட வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனை எல்லோரும் சிஐடி என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவன் சாப்பாட்டு டப்பாவை மூடியோடு பார்த்தே, வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவான். மெக்கானிக் அவனிடம் போய் விஷயத்தைக் கொட்டினான்.

சிஐடி ஒரு வயரைத் திருகிக்கொண்டே கேட்டான். "நீ போய்ச் சேர்ந்துட்டா அந்தப் பணம் யாருக்கு?"

"அவளுக்குத்தான். அவ பேரைத்தான் குடுத்திருக்கேன்."

சிஐடி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "உடம்பெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், கேட்காமலே காபி வந்தது. நீயும் குடியேன் என்றான். அவள் அப்போதே குடித்துவிட்டாளாம். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் காபியை வாஷ்பேசினில் ஊற்றினான். அதைப் பார்த்துவிட்டவள், சத்தம் போட வேண்டியவள், வேறு காபி போடட்டுமா என்று கனிவாகக் கேட்டாள். கூடவே, உடம்பை ஒரு தடவை முழுசாக டாக்டரிடம் காட்டிவிடுங்களேன் என்றும் சொன்னாள்.

மெக்கானிக் பசியில்லை என்று சொல்லி, ராத்திரி சாப்பிடாமலே படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குப் போய், பணத்துக்கு வாரிசாக மனைவி பெயருக்குப் பதில் அக்கா பெயரைப் போடச் சொன்னான். அங்கிருந்த கண்ணாடி அம்மா அவனைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவின் விவரங்களைக் கேட்டாள். அவன் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டான். எதற்கு என்று அக்கா துருவித் துருவிக் கேட்டாள். சும்மாதான் என்றான். சும்மா யாராவது பிறந்த தேதி கேட்பார்களா என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், இரண்டு பெரிய பெட்டிகளோடு அக்கா நின்றாள். பின்னால் மாமா, தன் சொந்தத் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி.

அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "உன் பொண்டாட்டி வாங்கன்னு கூப்பிடறா, நீ பிறந்த தேதி கேக்கறே. என்ன வியாதின்னு மட்டும் சொல்லுடா தம்பி."

போன் பண்ணியது எவ்வளவு பெரிய தப்பு என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வியாதி எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தான். வியாதி வந்தவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்று அக்கா அழுதாள். சரி என்று அரை நாள் லீவு போட்டு, டாக்டரிடம் போய், உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். முகத்துக்கு நேரே எந்த டாக்டர்தான் உள்ளதைச் சொல்வார் என்று அக்கா இன்னும் பலமாக அழுதாள். இந்த நிலைமையில் தம்பியை விட்டுவிட்டுப் போகப்போவதில்லை என்றும் அறிவித்தாள். மாமாவுக்கும் அது சம்மதம்தான். இந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்கிறதாம்.

"எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க அண்ணி. இது உங்க வீடு" என்றாள் மனைவி. சொன்னதோடு நிற்காமல், இருந்த ஒரே படுக்கையறையையும் காலி செய்து கொடுத்தாள்.

மெக்கானிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனாருக்குப் படுக்கையறையைச் சிரித்த முகத்தோடு கொடுக்கிற பெண்ணை அவன் கேள்விப்பட்டதில்லை. அக்காவையும் கைக்குள் போட்டுக்கொள்கிறாள் என்று முடிவு செய்தான்.

மனைவியும் மகளும் ஹாலில். அவனுக்குச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. ஃபிரிட்ஜின் மோட்டார் ஓடும்போதெல்லாம் பேரிங் தேய்ந்திருக்கிறதோ என்று காது கொடுத்துக் கேட்பான். மோட்டார் நின்றால் மாமாவின் குறட்டை கேட்கும். அதில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

காலையில் இன்னும் மோசம். மாமா செய்தித்தாளோடு பாத்ரூமுக்குள் போனால் எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் வருவார். வெளியே வரிசை நிற்கும்.

அப்படி ஒரு காலையில் அவன் துண்டும் கையுமாக நின்றிருந்தான். குட்டிக் கட்டிலில் சின்னவன் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாமா வெளியே வந்தார். தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, குழந்தை இரண்டு கையையும் நீட்டியது. மாமா தாண்டிப் போனார். அக்கா வந்தாள், அவளுக்கும் கையை நீட்டியது. அவளும் தாண்டி உள்ளே போனாள். குழந்தை அழவில்லை. கையை இறக்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தது. அடுத்த ஆள் அவன்.

பிறந்ததிலிருந்து இவன் இப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறான், நானும் இப்படித்தான் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று மெக்கானிக்குத் தோன்றியது. துண்டைப் போட்டுவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டான். அறுபது வயதில் கை நிறையப் பணம் இருக்கும். தூக்கச் சொல்லிக் கை நீட்ட இவன் இருக்கமாட்டான்.

முகம்கூடக் கழுவாமல் நேரே கண்ணாடி அம்மாவிடம் போனான். நான் கிழவனான பிறகு ஸ்டூலில் உட்காரவும் கூடாது, பிள்ளைகள் இப்போது பாத்ரூம் வாசலில் கிடக்கவும் கூடாது, வழி இருக்கிறதா என்று கேட்டான். அவள் நிதானமாக விளக்கினாள். அவன் போடுகிற பணத்துக்குச் சமமாகக் கம்பெனியும் போடும். ஆனால் ஓர் அளவு வரைக்கும்தான். அதற்கு மேலே போவதெல்லாம் அவன் காசு மட்டுமே.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியானால் கம்பெனி கொடுப்பதை விடக்கூடாது. அந்த அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். மீதி கைக்கு வரட்டும், ஃப்ளாட்டுக்கு முன்பணம் சேரும். வாரிசாகவும் பழையபடி மனைவி பெயரே இருக்கட்டும். உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றிவிட்ட மாதிரி அவனுக்குப் பெருமையாக இருந்தது.

எழுந்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இது என் வீட்டுல இப்போதைக்குத் தெரிய வேண்டாம். நானா இறங்கி வந்துட்டேன்னு தெரிஞ்சா, அப்புறம் அவளைக் கையில பிடிக்க முடியாது."

கண்ணாடி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மா போன மாசமே வந்து இதையெல்லாம் விசாரிச்சுட்டு, 'குறைக்கச் சொன்னா கேட்க மாட்டாரு, கூட்டச் சொல்லிட்டு நாத்தனாரையும் வரச்சொல்லிடறேன், வீட்டுல இடம் பத்தாம ஒரு வாரத்துல அவரே வந்து நிப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க சார், நீங்க என்னடான்னா புதன்கிழமையே வந்துட்டீங்க."