கோவிந்தப்பன் கண்ட முகம்

"திருடனைப் பாத்தியா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லய்யா!"

அதுதானே சங்கடம்! கோவிந்தப்பன் வாயைத் திறக்கவே கூடாது.

இந்தப் பக்கம் சேலம் ஜில்லா, மதுவிலக்கு. எல்லைக்கல்லைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம், கள்ளுக்கடை. மத்தியானம் அங்கே இரண்டு மொந்தை ஏற்றிக்கொண்டு திரும்பியவன், ஊருக்குள் நுழையுமுன் ஏரியில் இறங்கி வாய் கொப்பளித்தான். கரையேறிப் பார்த்தால் சைக்கிள் இல்லை. தூரத்தில் எவனோ ஒருவன் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான்.

சொந்த சைக்கிளாக இருந்தால் தலைமுழுகியிருப்பான். அது மச்சினன் சென்னகிருஷ்ணனுக்குக் கல்யாணத்தில் வந்தது. அந்த மச்சினன்தான் இப்போது கையைப் பிடித்து இழுத்துவந்து சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியிருந்தான்.

கோவிந்தப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினான்.

"துண்ட எடுய்யா! ஸ்டேஷன்ல என்ன மரியாதை இது?"

"பல்லு வலிங்க, சாமி."

"எந்தப் பல்லு? காட்டு!"

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்தே வந்துவிட்டார். நல்லவேளை, கள் நாற்றம் போக வழியில் மென்ற பச்சை வெங்காயம் காப்பாற்றியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

"அங்கிருந்தே சொல்லு. ஆள் எப்படி இருந்தான்?"

"தூரத்துலங்க..."

"மூஞ்சியச் சொல்லு, மாமா!" என்றான் மச்சினன். "மூஞ்சியில்லாத மனுசனா?"

"சொல்லாட்டி உன்மேலதான் சந்தேகப்படணும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

நெஞ்சு தடதடவென்று அடித்தது. அடிக்க அடிக்க, என்ன ஆச்சரியம், ஒரு முகம் பளிச்சென்று முன்னால் வந்து நின்றது. முறுக்கு மீசை. உதட்டோரம் மரு. கறுத்துப்போன முன்பல் ஒன்று. கடகடவென்று ஒப்பித்தான்.

"பலே! ஏட்டு, எழுதிக்கங்க."

மூலையில் ஏட்டு திம்மப்பன் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றார். மத்தியானத்திலிருந்து சளியாம். யார் எது கேட்டாலும் தலையாட்டல்தான்.

"கைக்குட்டைய எடுத்துட்டு எழுதுமய்யா!"

எடுத்தார்.

"இவன்தான் சாமி! இவனேதான்!"

ஸ்டேஷனே சிரித்தது. லாக்கப்பில் இருந்தவன்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உள்ள வர்றப்போ வாசல்ல பாத்த மூஞ்சியவே திருடனாக்கிட்டான். ஏட்டு, வெளிய கூட்டிப்போய் ஒரு சொம்பு தண்ணி குடுங்க. பயம் தெளிஞ்சா நெசம் வரும்."

வெளியே கோவிந்தப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சுக்குங்க ஏட்டய்யா. பயத்துல என்னென்னமோ தெரிஞ்சுது. உங்கள நான் இதுக்கு முன்ன பாத்ததேயில்ல."

திம்மப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக வாயைத் திறந்தார். கறுத்த முன்பல் தெரிந்தது. கிராம்பு வாசனை ஆளைத் தூக்கியது.

"எவனும் திருடலய்யா. நீ நடந்துதான் வந்தே. சைக்கிள் அந்தக் கடை வேலியிலதான் சாஞ்சிருக்கு. நான் கெளம்பறப்பகூடப் பாத்தேன்."