அமுதவல்லி வெளியே போயிருக்கிறாள்

அதியமான்கோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மச்சான் அருள்குமாருக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் மாது எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடுகளும் நலம். ஓசூரில் நீங்களும் கோகிலவாணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியில் என் குரல் நின்றுபோகும், நீங்கள் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான்.

உங்கள் அக்காவின் ஆகாயப் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், விண்வெளி நிலையம் போகிறது, ஓடி வாங்க என்று என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப்போனாள்; நான் பயபக்தியோடு அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது பெங்களூர் விமானத்தை. அன்றைக்குச் சிரித்தவள் இருபத்திரண்டு வருடம் சிரித்தாள். அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டையைக்கூட இது நிலா, இது செவ்வாய் என்று சொல்லித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள்.

போன வருடம், சாதாரண ஜனங்களையும் விண்வெளிக்குச் சுற்றுலா கூட்டிப்போகிறோம், குலுக்கலுக்குப் பெயர் கொடுங்கள் என்று ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி அறிவித்ததாம். சர்தார் பாய் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள். அதோடு விட்டாளா? பயிற்சி வேண்டும் என்று மறுநாள் அதே கடைக்குப் போய் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, "சுத்துங்க பாய், நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாளாம். சொல்வதற்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டாள், அதுவும் பிரிண்டர் மேலேயே. "அக்கா, நீங்க மேல போறதுக்குள்ள என் கடை கீழ போயிடும் போலயே" என்று பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்புறம் சாப்பாட்டுப் பயிற்சி. கேழ்வரகுக் களியைத் தண்ணியாகக் கரைத்து, பாலிதீன் பையில் கட்டி, மூலையில் ஓட்டை போட்டு, அந்தரத்தில் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று என்னையும் உறிஞ்சச் சொன்னாள். பை வெடித்து, பத்திரிகை வைக்க வந்திருந்த உங்கள் பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையெல்லாம் களி. "உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு, வூட்டுல கெட" என்று அவர் எதிரிலேயே கத்திவிட்டேன். அவள் சட்டையைத் துவைக்க எடுத்துப் போனாள்.

மாசியில் அங்கன்வாடியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சொன்னது சர்தார் பாய். மற்றவர்களுக்கு யார் யாரோ சொன்னார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை மச்சான். ரேஷன் கார்டில் பெயர் எடுக்கப் போய், "என்ன விஷயம்ங்க?" என்று கேட்டதற்கே திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிடுகிறார்கள். பெங்களூரிலிருந்து ஷாஹீன் என்று ஒரு பெண், நல்ல தமிழ். அக்காவுக்கு இரண்டாம் பரிசாம். விமானத்தை உயரே கொண்டுபோய்ச் சட்டென்று கீழே இறக்கும்போது அரை நிமிடம் உடம்பு எடையில்லாமல் மிதக்குமாம், அதில் இடம். "அமுதவல்லி மேடம் இருக்காங்களா?" என்றாள். வெளியே போயிருக்காங்க என்றேன். மறுநாள் குளிக்கிறாங்க என்றேன். அதற்கு மறுநாள் தீர்த்தமலைக்கு அனுப்பினேன். நேற்று வத்தல்மலைக்கு. "மேடம் ரொம்ப பிஸிங்களா சார்?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். ஆமாங்க, இப்போதெல்லாம் வூட்டுலயே தங்குறதில்லை என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதனால் மச்சான், உறையின் பின்பக்கம் எழுதியிருக்கும் நம்பருக்கு நீங்கள் பேசி, அக்கா இல்லை என்று சொல்லிவிடுங்கள். பரிசை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். என்னால் ஆகவில்லை.

கோகிலவாணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், நல்லா தின்று, நல்லா படித்து வளர வேண்டும்.

இப்படிக்கு,
மாது

பி.கு.: யாருக்கும் போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டாள். "மேடம் இல்லன்னா பரவாயில்ல சார், ஒரு விவரம் மட்டும். பரிசு ரெண்டு பேருக்கு. கூட வர்றவர் பேரு மாதுன்னு போட்டிருக்காங்க, அது யாருங்க?" நான்தான் என்றேன். "உறவுமுறைங்கிற எடத்துல, 'கூப்பிட்டா திட்டுவார், ஆனா வருவார்'னு எழுதியிருக்காங்க சார்" என்று சிரித்தாள். "அப்ப ரெண்டு சீட்டும் உறுதி பண்ணிடலாமா?"

"ஒரு சீட்டு போதும்மா. அவங்க மாசியில தவறிட்டாங்க. நான் வர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன் மச்சான். செவ்வாய்க்கிழமை பெங்களூரில் டாக்டர் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறிக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.