வீச்சு வலையும் வேவு விமானமும்

கோட்டக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

குவைத்தில் இருக்கும் அன்பு மகன் உஸாமாவுக்கு அம்மா அசன் பீவி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும், உன் அறையில் கூட இருக்கும் பிள்ளைகளையும், உங்கள் தலைக்கு மேலே இருக்கும் கூரையையும் அல்லாஹ் பத்திரமாக வைக்கட்டும். கூரைக்கென்று இதுவரைக்கும் நான் துஆ செய்ததில்லை. இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன். நான் நலம் என்று எழுத வேண்டும். உங்க அத்தா மவுத்தான பிறகு அந்த வார்த்தைக்குக் கை வரமாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறேன். புருஷன் போனவளுக்கான நாலு மாசம் பத்து நாள் இத்தாவில் இருப்பதால் வாசலுக்குப் போவதில்லை, வெளி ஆம்பளை கண்ணில் படுவதில்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், இல்லையென்றால் நான் அழுகிறேன். அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

அத்தாவை அடக்கம் பண்ண நீ வரவில்லை என்று யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. யாரோ இரண்டு நாடு சண்டை போட்டதில் வானத்தையே மூடிவிட்டார்கள். ரோடு மறியல் பார்த்திருக்கிறேன், ரயில் மறியல் பார்த்திருக்கிறேன், வானத்தை மறிப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள். கபரில் மூணு பிடி மண் போட முடியவில்லையே, அந்த இடத்தைக் கண்ணாலாவது பார்க்க வேண்டுமே என்று உனக்கு ஆற்றாமை. நியாயம்தான். அதற்காக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கல்யாண வீடியோ எடுக்கிற பாண்டுரங்கனுக்கு அங்கிருந்தே போன் போட்டு, கபர்ஸ்தானுக்கு மேலே ட்ரோன் விடச் சொல்லலாமா. நம்ம கொல்லைக்கும் கபர்ஸ்தானுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்பது உனக்கு மறந்துபோச்சா.

நடந்ததைக் கேள். நான் கொல்லையில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஹஸீனா எட்டிப் பார்த்தாள். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் டிவி பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். குழம்புக்கு உப்பு போட்டாளா என்பதுதான் ஞாபகம் இருக்காது. "முன்னெல்லாம் சண்டைன்னா பட்டாளம் வரும், டாங்கி வரும்க்கா. இப்ப ஒரு ஆளும் வர்றதில்ல. எவனோ எங்கியோ குந்திக்கினு பட்டனை அமுக்குறான், இங்க குளவி மாதிரி சத்தம் கேக்கும், அவ்ளோதான்" என்று சொல்லி வாய் மூடவில்லை, குளவி மாதிரி சத்தம் கேட்டது. "ஜல்தி உள்ள போக்கா" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவில் பாதிப் பேர் கட்டிலுக்கு அடியில். எனக்குக் குண்டு பயம் இல்லை, கேமரா பயம். கேமராவுக்குப் பின்னால் எந்த ஊர் ஆம்பளையோ. கொடியில் கிடந்த ஈரப் போர்வைக்குள் போய் நின்றுகொண்டேன். போர்வை நடக்கிறதே என்று பாண்டுரங்கனுக்குச் சந்தேகமாம், ட்ரோனை இன்னும் தாழ இறக்கிப் பார்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து, பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் கொண்டுவரும் அன்புச்செல்வன் தோளில் வீச்சு வலையோடு சந்துக்குள் வந்தான். "எதுனா பண்ணுடா" என்றாள் ஹஸீனா. அவன் சுவர்மேல் ஏறி ஒரே வீச்சு. ட்ரோன் வலையோடு மடவை மீன் மாதிரி துள்ளிக்கொண்டு என் மல்லாட்டை மேலே வந்து விழுந்தது.

நான் இதெல்லாம் பார்க்கவில்லை, போர்வைக்குள் இருந்தபடி கேட்டதுதான். "அங்க இதை இறக்கறதுக்கு இதைவிட நூறு மடங்கு விலையில ஏவுகணை விடுறான்டா. உன்னை அனுப்பினா சண்டையே முடிஞ்சிடும்" என்றாள் ஹஸீனா. "அந்தப் பேஜாரே வாணாம்க்கா. நான் போய் வலை வீசினா, அவன் வலையை அறுக்க ஒரு மெஷின் கண்டுபிடிப்பான். அப்புறம் அந்த மெஷினைப் புடிக்க நான் ஒண்ணு தேடணும். எப்ப மீன் புடிக்கறது" என்றான் அவன். அதற்குள் பாண்டுரங்கன் ஓடி வந்தான். ஒரு இறக்கை வளைந்திருந்தது, வலையில் ஒரு கிழிசல். கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள், ஹஸீனா டீ கொடுத்தாள், முடிந்தது. முடிந்த சண்டையைத் தீர்த்துவைக்கத் திண்டிவனத்திலிருந்து உன் மாமா யூசுப் அலி காரில் நாலு பேரோடு வந்து இறங்கினார். கோட்டக்குப்பத்தில் போர் என்று யாரோ சொன்னார்களாம். "தப்பு யார் மேலன்னு தெரியாம நான் நகர மாட்டேன்" என்றார். எதிரும் புதிருமாக உட்காரவைத்து விசாரித்தார். அவர் கேட்ட பிறகுதான் இரண்டு பேருக்கும் கோபமே வந்தது. இப்போது பாண்டுரங்கன் அன்புச்செல்வனோடு பேசுவதில்லை, அன்பு நம்ம தெருவுக்கு மீன் கொண்டுவருவதில்லை. சமாதானம் திரும்பும் வரைக்கும் இருக்கிறேன் என்று மாமா அந்த நாலு பேரோடு வாசல் திண்ணையிலேயே தங்கிவிட்டார். ஐந்து பேருக்கும் மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். பெரிய நாடுகள் நடுவில் புகுந்தால் எப்படி இருக்கும் என்று டிவியில் சொன்னது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

என் இத்தாவுக்கு ஏதும் குறை வந்துவிட்டதா என்று ஹஸீனாவை விட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தாடியைத் தடவி, "மெஷின் பார்த்தது போர்வையத்தான. போர்வைக்கு ஏதும்மா இத்தா" என்றாராம்.

ஆகையால் கண்டிப்பாகச் சொல்கிறேன், அந்த மெஷின் இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது. பார்த்து என்ன ஆகப்போகிறது, மண் மண்ணாகத்தான் இருக்கும். பாண்டுரங்கன் உனக்கு அனுப்பிய படத்தையும் அழித்துவிடு. நான் அதைப் பார்க்கப்போவதில்லை. அவசரப்பட்டு நாலு நாடு சுற்றிக்கொண்டு புறப்பட்டு வராதே. சைரன் ஊதினால் மாடிக்குப் போய் வேடிக்கை பார்க்காமல் கீழே இறங்கு. அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு என் சலாம் சொல். உன் உயிருக்கும் ஈமானுக்கும் அல்லாஹ் காவல்.

இப்படிக்கு,
உன் அம்மா
அசன் பீவி

பின்குறிப்பு: ஹஸீனா பாண்டுரங்கனிடம் அந்தப் படத்தை வாங்கிவைத்திருந்தாள், அவள் போனில் பார்த்துவிட்டேன். நம்ம ஊரில் பொம்பளைகள் கபர்ஸ்தானுக்குப் போகிற வழக்கம் இல்லையே, உங்க அத்தா எந்தப் பக்கம் இருக்கிறார் என்று எனக்கும் இதுவரை தெரியாது. வேப்பமரத்தடியில் இருக்கிறார், நல்ல நிழல். நான் பாத்திரம் கழுவ உட்கார்கிற இடத்துக்கு நேராகத்தான், சுவருக்கு அந்தப் பக்கம். இவ்வளவு கிட்டத்தில் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாண்டுரங்கனை இன்னொரு தடவை விடச் சொல். கொஞ்சம் தாழவே விடச் சொல். நீ அங்கிருந்து பார், நான் இங்கிருந்து பார்க்கிறேன்.