வரிசையாக முளைத்த காட்டுச்செடி

என் பெயரில் ஒரு செடி இருந்தே தீரவேண்டும் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் சங்கிலிமுத்து.

சங்கிலிமுத்து எங்கள் பிரஸ்ஸில் மெஷின்மேன். அவனுடைய மச்சான் ஒரு பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறான். அந்தத் தீபாவளி சீசனில் புதிதாக ஒரு சரவெடி இறக்கி, அதற்கு 'சங்கிலிமுத்து ஸ்பெஷல்' என்று பெயர் வைத்துவிட்டான். அந்த லேபிளுக்குப் புரூஃப் பார்த்தது யார்? நான். தப்பில்லை, அச்சடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது யார்? அதுவும் நான்தான். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தேவாசீர்வாதம் என்ற என் பெயர் வெடிக்குச் சரிப்படாது. சொல்லி முடிப்பதற்குள் திரி எரிந்துவிடும். செடிதான் தோது. திருத்தங்கலில் நாங்கள் அச்சடிக்கும் பள்ளிக்கூடச் சார்ட்டுகள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். 'தாவரக் குடும்பங்கள்' சார்ட்டை ஒரு புள்ளி விடாமல் திருத்தியவன் நான். எனக்குத் தெரியாத செடி ஊரில் இருக்க முடியாது. இருந்தால் அது உலகத்துக்கே புதுச்செடி. என் கணக்கு அவ்வளவுதான்.

என் மனைவி இசபெல் தாயில்பட்டிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசிக்கு அழுகிற பிள்ளையிடம் "அந்தா பாரு, காக்கா" என்று கையைக் காட்டுவாள். பிள்ளை காக்காவைத் தேடி முடிப்பதற்குள் ஊசி இறங்கியிருக்கும். அவளுடைய இந்தத் திறமையைப் பற்றி நான் போகிற இடமெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

எங்களுக்குள் இருந்த ஒரே வழக்கு புறவாசல். முள்ளும் ஓட்டுச்சில்லுமாகக் கிடக்கும். "சுத்தம் பண்ணித் தாங்க, ரெண்டு செடி வைக்கணும்" என்று வீடு கட்டிய நாளிலிருந்து கேட்கிறாள். நானும் அன்றிலிருந்து "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலமானால் எனக்கு டீக்கடை பெஞ்சில் சீட்டுக்கச்சேரி. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, இங்கன வாங்களேன். புறவாசல்ல என்னமோ ஒரு செடி முளைச்சிருக்கு. எனக்கு என்ன தெரியும்? சார்ட்டெல்லாம் திருத்துறவுக நீங்கதான்."

போய்ப் பார்த்தேன். முள்ளுக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கரிசல் மண் பொலபொலவென்று கிடந்தது. அதில் மயிரிழை மாதிரி இலைகளோடு சின்னச் சின்னச் செடிகள், நேர் நேராக, வரிசை வரிசையாக நின்றன. இயற்கைக்குத்தான் என்ன ஒழுங்கு என்று வியந்தேன்.

ஒரு இலையைக் கசக்கி மோந்தேன்.

"ஓம வாசம்லா அடிக்கு?" என்றாள் இசபெல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விவரம் தெரியாதவர்கள் மேல் கோபப்படக் கூடாது.

"ஓமச்செடி எதுன்னு எனக்குத் தெரியாதா? வாசல்ல தொட்டியில நிக்கே, தடித்தடியா இலையோட? சளிக்குப் பறிச்சுக் குடுப்பியே? அதுதான் ஓமம். இது காட்டுச்செடி."

"அட, ஆமால்ல!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் "அட, ஆமால்ல" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இது எந்தக் குடும்பம்ங்க?"

"இலை கிழிச்சு விட்ட மாதிரி இருக்கா? காம்போட அடி தண்டச் சுத்திப் பிடிச்சிருக்கா? இது கேரட்டுக் குடும்பம்."

"அப்ப தோண்டுனா கேரட்டு வருமா?"

ஒன்றைப் பிடுங்கினேன். எலிவால் மாதிரி ஒரு வேர் வந்தது.

"கேரட்டக் காணோமே?"

"ஒரு குடும்பம்னா எல்லாருமா சம்பாதிக்காங்க? இது சும்மா இருக்குற ஆளு."

"ஓகோ," என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, இதுக்கு என்ன பேரு?"

"அதுக்குக் காய் முத்தணும். இந்தக் குடும்பத்துல இலைய வச்சு, பூவ வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. எல்லாம் ஒண்ணுபோலக் குடை விரிச்சுக்கிட்டு நிக்கும். முத்துன காய்ல மேல எம்புட்டு வரி இருக்கு, உள்ள எண்ணெய்க்குழா எங்கன ஓடுதுன்னு பாத்தாத்தான் ஆளு யாருன்னு தெரியும். மாசி ஆயிரும்."

"மாசி வரைக்குமா?" அவள் முகம் வாடிவிட்டது. "அதுக்குள்ள செல்லப்பாண்டி வீட்டு ஆடு மேஞ்சிருமே?"

"வேலி போடுவேன்."

"சுத்தி முள்ளா இருக்கே?"

"வெட்டிருவேன்."

"கல்லு? ஓட்டுச்சில்லு?"

"பொறுக்கிருவேன்."

"தண்ணி ஊத்தணும். சாயங்காலம் நீங்க டீக்கடைக்குப் போகணுமே..."

"இசபெல்! நாம செய்யுறது ஆராய்ச்சி. டீக்கடை எங்க ஓடிப்போகுது?"

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தாள். "புதுச்செடின்னா உங்க பேரத்தான வைப்பாக?"

இதைக் கேட்ட பிறகு எந்த ஆண்பிள்ளை சும்மா நிற்பான்? அரிவாளை எடுத்தேன்.

முள்ளை வெட்டினேன், கல்லைப் பொறுக்கினேன், வாய்க்கால் இழுத்தேன். பிரஸ்ஸில் அச்சடித்து முடித்த, படம் பதிந்த பழைய அலுமினியப் பிளேட்டுகளைச் சொல்லி வாங்கிவந்து வேலி அடைத்தேன். வன விலங்குகள் சார்ட்டுப் பிளேட்டு அத்தனையும் ஆடு வரும் பக்கம். ஆடு பயப்படும் என்பது என் ஏற்பாடு. மறுநாளே பக்கத்துவீட்டுச் செல்லப்பாண்டி கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, என் ஆடு உங்க புலிய நக்கிக்கிட்டு நிக்கு."

"உள்ள வரலைல்லா? அதான் வேணும்."

"வெள்ளாமை பலமா இருக்கு போல?"

"வெள்ளாமையா? ஆராய்ச்சிப்பா இது!"

"மதினியும் அப்பிடித்தான் சொன்னாக. உங்ககிட்ட வேற எதுவும் பேசக் கூடாதுன்னாக."

என் ஆராய்ச்சி கெடக் கூடாது என்று அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்துபோனேன்.

சாயங்காலமானால் டீக்கடையிலிருந்து மிஸ்டு கால் வந்துகொண்டே இருக்கும். செல்போனை அணைத்துவிட்டுக் குடத்தைத் தூக்குவேன். தை பிறந்ததும் பூத்தது பாருங்கள்! ஒவ்வொரு கொம்பிலும் வெள்ளைக் குடை. ஒரு காம்பிலிருந்து பல காம்பு, அந்த ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி பல காம்பு, நுனியில் பூ. பேன்சி ஷாட் வானத்தில் போய் விரிகிற மாதிரியே இருந்தது. சங்கிலிமுத்துவின் வெடி வெடித்தால் தெருவெல்லாம் குப்பை. என் வெடி நின்று பூத்தது. இதை அவனிடமே சொன்னேன். அவன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனான். எனக்கு அன்று ரெண்டு வாய்ச் சோறு கூடவே இறங்கியது.

மாசிக் கடைசியில் காய் முத்தியது. கலர் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பிரஸ் லென்ஸைக் கொண்டுவந்து பார்த்தேன். வரி இருந்தது. ஒரு செடியைக் காயோடு காலண்டர் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு தாவரவியல் பேராசிரியர் இருந்தார்.

அவர் லென்ஸைத் தொடவே இல்லை. நாலு காயை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். வாயில் போட்டு மென்றார்.

"ஓமம்" என்றார்.

"இல்ல சார், ஓமம்னா இலை தடியா..."

"அது ஓமவல்லி. துளசிக் குடும்பம். வாசம்தான் ஒண்ணுபோல இருக்கும், ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. நீங்க கொண்டாந்தது கேரட்டுக் குடும்பம்தான், அது சரி. ஆனா கடையில விக்கிற ஓமம். ரொம்ப நல்லா விளைஞ்சிருக்கே, யாரு விதைச்சது?"

"யாரும் விதைக்கல சார். காட்டுச்செடி. அதுவா, தானா, வரிசையா..."

வரிசையா! காட்டுச்செடி என்றைக்கு வரிசை பிடித்து முளைத்திருக்கிறது? காக்காவைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளை நான். ஊசி என்றைக்கோ இறங்கிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். மூச்சு விடக் கூடாது. பேராசிரியர் அசந்துபோனார், ஆராய்ச்சி நடக்கிறது என்று அடித்துவிட வேண்டியதுதான்.

புறவாசலில் இசபெல் சொளகில் ஓமம் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டப்பா டப்பாவாக நிரப்பி வைத்திருந்தாள்.

"பேரு வச்சிட்டாகளா?"

"ஆராய்ச்சி நடக்கு."

"நடக்கட்டும், நடக்கட்டும். பஸ்ல அலைஞ்சு வந்திருக்கீக, வயிறு சரியிருக்காது. ஓமத்தண்ணி குடிக்கீகளா?"

குடித்தேன். அதற்கு மேல் நடிக்க முடியவில்லை.

"நீதான விதைச்ச?"

"நான் ஒரு பொய் சொன்னேனா? செடி முளைச்சிருக்குன்னேன். ஓம வாசம் அடிக்குன்னும் சொன்னேன். நீங்கதான் தொட்டியக் காட்டுனீக." சொளகைக் கீழே வைத்தாள். "கோவப்படாதீக. இத்தன நாளா சாயங்காலம் நீங்க வீட்டுல இருந்தது எனக்கு எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? எங்க ஆஸ்பத்திரில எல்லார்ட்டயும் எங்க வீட்டுக்காரர் போட்ட தோட்டம்னுதான் சொல்லியிருக்கேன். அந்த டப்பாவப் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள் ஒட்டியிருந்தது: 'தேவாசீர்வாதம் ஓமம்.' புரூஃப் பார்த்தேன். தப்பில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இனி இந்த ஜென்மத்தில் மண்வெட்டியைத் தொடுவதில்லை, நாளையிலிருந்து டீக்கடைதான் என்று தீர்மானித்தேன்.

மறுநாள் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, மேற்கு மூலையில முள்ளுக்குள்ள என்னமோ ஒரு செடி முளைச்சிருக்கு. தக்காளிக் குடும்பம் மாதிரி தெரியுது."

"முளைக்கட்டும்" என்றேன். நான் ஏமாறுகிற ஆளா?

"சரி, நீங்க போயிட்டு வாங்க. சங்கிலிமுத்து அண்ணனக் கூப்பிட்டுக் காட்டிக்கிடுதேன். அவுகளும் இப்ப செடியெல்லாம் படிக்காகளாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு, கடப்பாரை எங்கே என்று கேட்டேன்.