கழுவக்கூடாத காசு

வேலணை.

கனடாவில் வசிக்கும் அன்புக்குரிய மைத்துனர் கதிர்காமு அவர்கட்கு, அத்தான் நடராசா எழுதுவது. நயினை அம்மன் கிருபையால் நாங்கள் சுகம். உமது வீட்டாரும் அவ்வாறே இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் உம்முடைய அக்கா பார்வதிப்பிள்ளை இடையில் புகுந்து பேசுவா, எனக்கு ஒழுங்கு குலைந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். ஒழுங்கு பின்வருமாறு:

1. தீவக நாணயச் சேகரிப்போர் மாநாடு நடந்த சீர்.
2. பொன்னாடை.
3. என் ஒல்லாந்தக் காசைக் கெடுத்தவர் எங்கள் சங்கத் தலைவர் பரராசசிங்கமே என்பது.
4. என் முடிவு.
5. உம்முடைய முழங்கால் வலி (இடமிருந்தால்).

மாநாடு ஊர்காவற்றுறையில் நடந்தது. "பழங்காசைக் கழுவாதீர்" என்ற என் உரை நிகழ்ச்சி நிரலில் இரண்டாவதாக இருந்தது. நான் மேடைக்குப் பயந்தவன் என்பது உமக்குத் தெரியும். படிப்பித்த காலத்திலும் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்தே பேசினேன். ஆனாலும் நெடுந்தீவில் படிப்பித்தபோது வற்றிய குளத்தில் கண்டெடுத்த அந்த ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று வருடக்கணக்காக ஒரு மேடை கேட்டுக்கொண்டிருந்தேன். மனதுக்குள்தான் கேட்டேன். நூற்றாண்டுகளாக அதில் படிந்த கரும்பச்சைக் களிம்புதான் அதன் பிறப்புச் சாட்சிப்பத்திரம். கழுவினால் அது வெறும் செப்புத்துண்டு. இவ்வளவுதான் என் உரை. ஆனால் முதலில் பிரதம விருந்தினர் எழும்பி, காசு சேர்ப்பவர்கள் நிறைந்த சபையில், பணம் நிலையற்றது என்று மத்தியானம்வரை பேசினார். அதற்குள் நெடுந்தீவு அங்கத்தவர்களில் பாதிப்பேர் குறிகட்டுவானில் படகு போய்விடும் என்று எழும்பிவிட்டார்கள். பிறகு பொன்னாடை. ஆட்கள் கூட, பொன்னாடை குறைவு. எனக்குப் போர்த்தியதை நான் கதிரையில் இருக்கமுன்னமே உருவி அடுத்தவருக்குப் போர்த்தினார்கள். அவருக்கு அது சூடாகவே கிடைத்திருக்கும்.

மூன்றாவதற்கு வருகிறேன். காலையில் மண்டப வாசலிலேயே பரராசசிங்கம், "தாங்கோ மாஸ்டர், கண்காட்சி மேசையிலை வைப்பம்" என்று காசைப் பஞ்சில் வைத்து மூடிய என் தகரப்பேணியை வாங்கிப் போனார். எனக்கு விருப்பமில்லை, ஆனால் மாட்டேன் என்று சொல்லவும் ஏலாமல் கொடுத்துவிட்டேன். காற்றுப் படக்கூடாது என்பதால் வீட்டிலிருந்து புறப்படும்போதும் நான் மூடியைத் திறக்கவில்லை. மேடையில் பேணியைத் திரும்ப வாங்கித் திறந்து, கடதாசியைப் பார்த்தபடியே, "இந்தக் களிம்பைப் பாருங்கள்" என்று சொல்லிக் காசை உயர்த்தினேன். யன்னல் வெயில் பட்டு அது பளபளவென்று மின்னிச்சுது, மச்சான். என் கையிலிருந்து புளி மணம் வந்தது. படகுக்குப் போகாத நெடுந்தீவார் ஒருவர் பின்னாலிருந்து, "மாஸ்டர், இது நேற்று அடிச்சதோ?" என்று கேட்டார். சபை சிரிச்சுது. உடனே பரராசசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து, "கழுவினால் எப்பிடிக் கெட்டுப்போகும் எண்டு மாஸ்டர் செய்து காட்டுறார், கைதட்டுங்கோ!" என்றார். தட்டினார்கள். நான் கடதாசியை மடித்துக்கொண்டு இறங்கினேன். அவருடைய காசுகள் எல்லாம் எப்போதும் மினுக்கமாகத்தான் இருக்கும். என்னுடையதையும் மினுக்கி, அதை வைத்தே என்னைப் பகிடி பண்ணியிருக்கிறார். நான் சந்தேகப் புத்தி உள்ளவனோ என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். இல்லையென்றே படுகிறது.

நான்காவது: "நண்பரின் காசைப் பாழாக்கிய தலைவரின் கீழ் இருக்க மாட்டேன்" என்று ராசினாமா எழுதி, இன்று காலை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து மடத்துவெளிக்கு, அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடுமையான கடிதம் அது.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசவும். பிள்ளைகள் எல்லாச் செல்வமும் பெற்று நீடு வாழ ஆசீர்வதிக்கிறேன்.

அன்புள்ள அத்தான்,
சி. நடராசா

பி.கு.: தம்பிக்கு எழுதுவதை அக்காவுக்கு மறைப்பது முறையல்ல என்று, உறையில் போடமுன் வாசித்துக் காட்டினேன். புளி மணம் என்ற இடத்தில், "அது நானெல்லோ மினுக்கினனான்" என்றா.

"ஆர், நீரோ?"

"பெரிய ஆக்கள் வருகினம் எண்டு சொன்னியள். அந்த ஊத்தையோட கொண்டுபோனால், வீட்டிலை ஒரு பொம்பிளை இருக்கிறாவோ எண்டு கேக்கமாட்டினமே? குத்துவிளக்கு மினுக்கேக்கை அதையும் சேர்த்து மினுக்கினனான். நீங்கள் பாத்துச் சந்தோசப்படுவியள் எண்டிருந்தன், ஒரு சொல் சொல்லேல்லை."

மச்சான், அந்த உரையை ஒரு மாதமாக அவவுக்கு முன்னால் நின்றுதான் பழகினேன். அதையும் சொன்னேன். "அது சங்கத்து ஆக்களுக்கு எண்டெல்லோ நினைச்சனான்" என்றா.

பரராசசிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்தது என்னைக் காப்பாற்றத்தான் என்று இப்போது விளங்குகிறது. கொண்டக்டர் இதற்குள் மடத்துவெளியில் கடிதத்தைக் கொடுத்திருப்பார். இந்தக் கடிதம் தபாலில் வர நாளாகும் என்பதால் படமெடுத்து உமது தொலைபேசிக்கு அனுப்புகிறேன். நீர் அவரோடு ஒன்றாகப் படித்தவர். உடனே கதைத்து, உறையை உடைக்காமல் அப்படியே வைத்திருக்கச் சொல்லும். எனக்கு அவரோடு கதைக்க வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதிய மூன்றாம் இலக்கம் பிழை.