பூசணிக்காய்க்கு பெல்ட் போட்ட கதை

நாலு இடத்தில் படித்துப் பார்க்காமல் எந்தக் காரியத்தையும் நான் தொடுவதில்லை. (படித்தது காரியத்தின் நடுவில் ஞாபகம் வராது என்பது வேறு.) மகளுக்கு ஏழு மாதமானபோது காருக்குக் குழந்தை சீட் வாங்கினேன். மடியில் வைத்துப் போவது எவ்வளவு ஆபத்து என்று நெய்வேலியில் எங்கள் பிளாக் முழுவதற்கும் பாடம் எடுத்த பிறகு, வாங்காமல் இருக்க முடியவில்லை.

அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் பூஜை முடிந்ததும் சேத்தியாத்தோப்புக்கு, மாமனார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் சோதனை ஓட்டம் வேண்டாமா? கார் முன்னால் உடைக்க மனைவி கவிதா குங்குமம் நிரப்பி வைத்திருந்த பூசணிக்காய் கிட்டத்தட்ட பாப்பாவின் எடை. அதைப் பாப்பாவின் மஞ்சள் துண்டில் சுற்றி, பின்பக்கம் நடுவில் வைத்த குழந்தை சீட்டில் உட்கார்த்தி, வார்களை இழுத்து மாட்டினேன். ‘க்ளிக்’ என்றது. பெருமை தாங்கவில்லை.

மெயின் ரோடு வரை போய், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தேன்.

சீட் மொத்தமாகக் குட்டிக்கரணம் போட்டு கியர் மேல் வந்து விழுந்தது. வார் கழலவில்லை. காய்தான் பிளந்துவிட்டது. டேஷ்போர்டு, என் சட்டை, மஞ்சள் துண்டு, எல்லாம் சிவப்பு.

முதல் ஷிப்ட் விட்டு சைக்கிளில் வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கதவை இழுத்தார்.

“புள்ளய தூக்குய்யா. பாத்துக்கினு குந்தியிருக்கியே.”

பூசணிக்காய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கேட்பார் இல்லை. கூட்டம் கூடிவிட்டது. அவரே துண்டை விலக்கினார். உள்ளே விதைகள். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. அவர் சிரிக்கவில்லை, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கவிதா ஓடி வந்தாள். காரில் குழந்தைக்கு அடிபட்டுவிட்டது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். (குழந்தை தன் இடுப்பில்தான் இருக்கிறது என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்ததாம்.)

வந்தவள் சீட்டை ஒரு கையால் தூக்கினாள். சும்மா வந்தது. குழந்தையைச் சீட்டோடு கட்டத் தெரிந்த நான், சீட்டைக் காரின் பெல்ட்டால் கட்டவே இல்லை.

“சாயங்காலம் இதுல பாப்பாவத்தானங்க வெச்சிருப்பீங்க?” என்றாள், மெதுவாக.

சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று பஸ்ஸில் போனோம். (பாப்பா மடியில்தான். நான் வாயே திறக்கவில்லை.)

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கார் கிளம்பும்போதெல்லாம் பின்னாலிருந்து, “அப்பா, பூசணி ரெடி” என்பாள். கவிதா சிரிப்பாள். நான் மட்டும் இறங்கிப் போய், பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுப்பேன்.