படி இல்லாத கொலு

கல்கத்தாவில் இத்தனை வருஷக் குடித்தனத்தில், கடலையே மிரட்டி வைக்கக்கூடிய ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் பூகம்பம் மாமி. சொந்தப் பெயர் தபால் பெட்டியில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை.

கரியாஹாட் பக்கம் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலுக்கு அடியில் இருக்கும் தரையைப் படம் போடுகிற ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனவள். ஆபீஸ்தான் விட்டது, அவள் விடவில்லை. துர்கா பூஜைப் பந்தலில் மேளம் கொட்டி ஜன்னல் அதிர்ந்தால் மாடிப்படியில் நின்று, இது வெறும் மேளம்தான், எல்லோரும் உள்ளே போகலாம் என்று அறிவிப்பாள். நாங்கள் யாரும் வெளியே வந்திருக்கவே மாட்டோம்.

மார்க்கெட்டுக்கு அவளோடு போனால் தொலைந்தோம். பலாக்காயைக் குழந்தை முதுகு மாதிரி தடவிக்கொண்டே நிற்பாள்.

"கடலடித் தரை கத்திரிக்காய் மாதிரி வழவழன்னு இருக்கும்னு நெனச்சேளா மாமி? இதோ, இப்படித்தான். மலை மலையா இருக்கும். இந்தத் தரை இன்னொரு தரைக்கு அடியிலே நுழையறது, அதிலேதான் பூமி ஆடறது. சும்மா நுழையுமா?"

நுழையாது என்று தலையாட்டினேன். காயையும் நான்தான் தூக்கி வந்தேன்.

ஒருமுறை பஜனையில் ஜமக்காளத்துக்கு அடியில் எலுமிச்சம்பழங்களைப் பரப்பி இதையே விளக்கினாள். அது தெரியாமல் செக்ரட்டரி மாமி வந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். சொஸைட்டி செக்ரட்டரியின் மனைவி; எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பெண்களுக்கு அவள் சொன்னதுதான் சட்டம். அன்றைக்கு ஆரம்பித்தது பகை.

போன நவராத்திரிக்குப் பூகம்பம் மாமி கொலுப்படியே கட்டவில்லை. ஹாலில் இரண்டு ஜோடிப் பலகைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பலகை சாய்வாக மற்றதற்கு அடியில் நுழையும். மேல் பலகையில் பொம்மைகள். ஒரு ஜோடியின் கீழ்ப்பலகை முழுக்கக் களிமண் மேடுகள். இன்னொன்றில் மேடு தெரியாமல் சேறு பூசியிருந்தது.

"கங்கை கொண்டுபோய்க் கொட்டற வண்டல் இது. நாம விசர்ஜன்னு ஆத்திலே கரைக்கற அம்மனோட மண்ணும் இதிலேதான் சேர்றது. மேட்டையெல்லாம் மூடிடும். அப்புறம் வழுக்க ஆரம்பிச்சா நிறுத்த ஆளில்லை."

மேட்டுப் பலகையைத் தள்ளினாள். முனகிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. தலையாட்டி பொம்மை மட்டும் தலையாட்டியது. அடுத்ததைத் தள்ளினாள். சற்று நேரம் அசையவில்லை. பிறகு ஒரேயடியாகச் சறுக்கி ஓடியது பாருங்கள், தசாவதாரமும் குப்புற விழுந்தது.

கொலுவில் பொம்மை விழுவது அபசகுனம், இனி அந்த வீட்டில் யாரும் தாம்பூலம் வாங்கக் கூடாது என்று செக்ரட்டரி மாமி உத்தரவு போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மூன்றாவது மாடியைத் தாண்டித்தான் செக்ரட்டரி வீட்டுக்கு இறங்கினேன். பூகம்பம் மாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கோலம், விளக்கு, ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சுண்டல். எதிரே காலி நாற்காலிகள். அவள் யாருக்கோ சொல்வது போல் பொம்மைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கீழே எல்லோரும் கூடியிருந்தார்கள். யாரும் மூன்றாவது மாடிக்குப் போகப்போவதில்லையே என்று செக்ரட்டரி மாமி கேட்க, வரிசையாகத் தலைகள் ஆடின. என் முறை வந்தது. வாய் திறந்து பழக்கமில்லாத எனக்கு அன்று வாய் திறந்துகொண்டது.

"விழுந்தது எந்தப் பக்கத்துப் பொம்மை மாமி? வழவழன்னு இருந்த பக்கம்தானே. மேடு இருந்த பக்கம் நின்னுதே. எல்லாருமா சேர்ந்து வழுக்கிண்டு போனா யார்தான் நிறுத்தறது?"

"உங்களுக்குப் பேசக்கூட வருமா?" என்றாள்.

"வரும்," என்று எழுந்தேன். நேராக மூன்றாவது மாடிக்குப் படியேறினேன்.

பூகம்பம் மாமி கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், நான் சொன்னதைக் கேட்டுத் திருத்தம் போட்டாள்.

"அவ்வளவு உறுதியாச் சொல்லப்படாது. சில மேடு கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுக்கும். சிலது வருஷக்கணக்கா அடம் பிடிச்சு, ஒரு நாள் பெரிசா ஆட்டிடும்."

"நீங்க எந்த மாதிரி?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எல்லாரும் மண்டையை உடைச்சுக்கறா," என்று கை நிறையச் சுண்டல் அள்ளிப்போட்டாள். கண்ணை மட்டும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் என் வீட்டுக் கொலுவில் முறைப்படி ஒன்பது படி. மேல் படியில், சரஸ்வதிக்குப் பக்கத்தில், பூகம்பம் மாமியிடம் கேட்டு வாங்கிய ஒரு களிமண் மேடு. அது என்ன சாமி என்று செக்ரட்டரி மாமி கேட்டாள்.

"மூணாவது மாடி சாமி," என்று குங்குமத்தை நீட்டினேன். "நன்னாக் கும்பிட்டுக்கோங்கோ."